மூன்று வீட்டுக்கும் ஒரே தூரம்

என் பெரியண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் தாராளமாகச் சொல்வேன். பொய் பேச மாட்டார். குடி கிடையாது. யார் பங்கிலும் கை வைக்க மாட்டார். பஸ்ஸில் வயதானவர் ஏறினால் அடுத்தவன் எழுந்திருக்கட்டும் என்று காத்திருக்காமல் தானே எழுந்து நிற்பார். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகும் அவரை நினைத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. கெட்டவன் என்றால் கோபம் வரும், வாய் வலிக்கத் திட்டித் தீர்த்துவிடலாம். இது அப்படி இல்லை. பாலைக் குடித்து முடித்த பிறகு டம்ளரின் அடியில் ஈயைப் பார்த்த மாதிரி. நாளாக ஆகச் சரியாகும் என்று பார்த்தேன். ஆகவில்லை.

அவர் குடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மீசை முளைக்காத வயதில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவர், துணி வெட்டக் கற்றுக்கொண்டு, இன்றைக்கு அவர் கோடு போட்டுக் கொடுக்காமல் அங்கே கத்தரி நகராது. அவரிடம் போய்க் குடை வட்டமாக இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னவர் அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

"குடை எங்க வட்டமா இருக்கு? விரிச்சு நல்லாப் பாரு. ஓரம் எட்டு நேர்க்கோடு, மூலை எட்டு. அந்த எட்டு மூலையும் ஒரு வட்டத்து மேல உக்காந்திருக்கு, அவ்வளவுதான். வட்டம் கண்ணுக்குத் தெரியாது. மூலைங்கதான் தெரியும்."

குடையின் ஓரத்தில் எந்த மூலையும் உள்ளே ஒடுங்கிப் பள்ளம் விழக்கூடாது. எல்லாம் வெளிப்பக்கமாகவே விடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குக் குவிவுப் பலகோணம் என்று பெயராம். பள்ளிக்கூடத்தில் நானும்தான் படித்தேன், பரீட்சை முடிந்த கையோடு மறந்தும் போனேன். அண்ணன் மறக்கவில்லை. தண்டிலிருந்து ஒவ்வொரு கம்பி முனைக்கும் ஒரே நீளம். ஒரு கம்பி ஒரு நூல் குறைந்தாலும் அந்த இடத்தில் துணி தொய்ந்துவிடும், மழைத் தண்ணீர் அங்கேதான் கட்டும், தைத்தவள் திட்டு வாங்குவாள். பதினாறு கம்பிக் குடைகூடச் செய்கிறார்கள். "கம்பி கூடக்கூட வட்டத்துக்குக் கிட்டப் போகும். ஆனா வட்டம் ஆகாது. எத்தனை போட்டாலும் ஆகாது" என்பார். அண்ணனும் அப்படித்தான். பிள்ளை என்று சொல்லிக்கொள்ள ரொம்பவே கிட்டத்தில் வந்துவிடுவார். ஆக மட்டும் மாட்டார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு காம்பஸ் இருக்கும். அதன் ஊசி குத்திக் குத்தி அவருடைய சட்டைப் பை ஒவ்வொன்றும் சல்லடை. கம்பெனியில் அவருக்குப் பெயரே காம்பஸ்தான். அண்ணிகூடக் கோபம் வந்தால், "உங்க காம்பஸ் அண்ணன் பண்ற கூத்தைக் கேளு" என்றுதான் ஆரம்பிப்பாள்.

கூத்து என்றால் சாதாரணக் கூத்தா? ஒரு தடவை அவர் மகளுக்குப் பிறந்தநாள். அவளையும் சேர்த்து ஏழு குழந்தைகள். வட்டக் கேக். பாகைமானியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முந்நூற்று அறுபது ஏழால் வகுபடவில்லை. குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன, மெழுகுவர்த்தி ஒழுகிக் கேக்கின் மேல் உறைகிறது, இவர் யோசிக்கிறார். கடைசியில் கம்பெனிப் பழக்கப்படி எட்டாக வெட்டினார். ஏழு பேருக்கு ஏழு. எட்டாவது துண்டு? எந்தக் குழந்தைக்குக் கொடுத்தாலும் மற்றதற்கு அநியாயம். அண்ணிக்கோ எனக்கோ கொடுத்தாலும் பெரியவர்கள் குழந்தைகள் பங்கைத் தின்றதாக ஆகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தார். யாரும் தொடக் கூடாது. நான் அடுத்த தடவை போனபோது அது பச்சையாகப் பூஞ்சை பூத்து, பக்கத்திலிருந்த வெண்ணெய்க்கும் வாடை ஏறி, திறந்தாலே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. "அநியாயம் பண்ணாம இருந்தேன் இல்ல?" என்றார். நாங்கள் சிரித்தோம். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

இன்னொரு தடவை, மரக்கடையில் ஒரு பலகைத் துண்டு கிடைத்தது. நாலு பக்கம், நாலும் நாலு நீளம். அண்ணிக்குக் கால் வலி, கீழே உட்கார முடியவில்லை, வட்டமாக ஒரு முக்காலி செய்து தரச் சொன்னாள். இவர் பலகையை அளந்தார். உள்ளே வரைகிற வட்டம் நாலு பக்கத்தையும் தொட வேண்டுமாம். அதற்கு எதிரெதிர்ப் பக்கம் இரண்டின் நீளத்தைக் கூட்டினால், மற்ற இரண்டையும் கூட்டியதற்குச் சமமாக வர வேண்டுமாம். வரவில்லை.

"மூணு பக்கத்தைத் தொட்டா போதாதா? உக்காரத்தானே கேக்கறேன்" என்றாள் அண்ணி.

"ஒரு பக்கத்தை மட்டும் தொடாம விடறதா? எப்படி மனசு வரும்?"

பலகை மொட்டை மாடியில் கிடந்து மழையில் ஊறிச் செல்லரித்தது. அண்ணி சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே உட்கார்ந்து எழுந்தாள். ஒரு பக்கத்தைத் தொடாமல் விட அந்த மனிதருக்கு மனசு வரவில்லை. இதை நான் மறக்கவே மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் அப்பா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். ரத்தம், சீழ், வாந்தி என்று வந்து விழுகிற துணியையெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆக்கி அனுப்புகிற வேலை. அதனாலேயோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் அவ்வளவு சுத்தம். இரண்டு வேளைக் குளியல், தினமும் துவைத்த சட்டை. கிட்டத்தில் போனால் சோப்பும் வெயிலும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். அம்மா நான் படிக்கும்போதே போய்விட்டாள். நாங்கள் ஒவ்வொருவராகக் கல்யாணம் முடித்து வெளியேறிய பிறகும் அப்பா பழைய வாடகை வீட்டிலேயே தனியாக இருந்தார். அந்த வீட்டை இடிக்கப் போகிறேன், காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்ன அன்றைக்குப் பிடித்தது சனி.

நாங்கள் நாலு பேர். பெரியண்ணன். செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிற நடு அண்ணன். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித்தருகிற சின்ன அண்ணன். கடைசியாக நான், மருந்துக்கடையில் நிற்கிறேன். அண்ணன்கள் மூவர் வீடும் ஒரே மெயின் ரோட்டில். பெரியவர் வீட்டிலிருந்து நடு அண்ணன் வீடு பொடி நடை, அங்கே ரோடு லேசாக வளையும், வளைவு தாண்டினால் சின்னவர் வீடு. என் வீடு மட்டும் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி.

பெரியண்ணன் வீட்டில் கூடினோம். அப்பா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுல எங்க இடம்? கடைச் சாமானே ஹால் வரைக்கும் வந்துடுச்சு" என்றான் நடு அண்ணன்.

சின்ன அண்ணன் கொஞ்சம் நேர்மை. "நான் வெச்சுக்குவேன். ஆனா ஒரு தடவை வெச்சுக்கிட்டா அப்புறம் என் தலையிலேயே விடிஞ்சுடும். நீங்க ரெண்டு பேரும் கை கழுவிடுவீங்க. அதான் யோசிக்கறேன்."

பெற்ற அப்பா இரண்டடி தூரத்தில் இருக்கிறார். பழைய பீரோவை யார் எடுத்துக்கொள்வது என்று பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். எனக்கு அங்கேயே நாக்கு கசந்துவிட்டது.

"யாரும் கஷ்டப்பட வேணாம். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு படுக்கையறைதான். என் கணவர் பார்சல் வண்டி ஓட்டுகிறவர். ஹாலில் ஒரு கட்டில் போட்டுவிடலாம் என்று அவரிடம் பேசிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"இரும்மா. முறையாச் செய்வோம்" என்றார் பெரியண்ணன்.

உள்ளே போய் ஊர் வரைபடத்தைச் சுருளாக எடுத்து வந்து மேசையில் விரித்தார். நாலு மூலைக்கும் நாலு டம்ளரைப் பாரம் வைத்தார். பையிலிருந்து காம்பஸ் வந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம். கேக் வெட்டும்போது பார்த்தேனே, அதே வெளிச்சம்.

"யார் வீட்லயும் வேணாம். யாருக்கும் கிட்ட வேணாம், யாருக்கும் தூரமாவும் வேணாம். குடைத் தண்டு மாதிரி அப்பா நடுவுல. நாமல்லாம் கம்பி முனை. அப்பதான் நாளைக்கு ஒருத்தன் வாய் தொறந்து பேச முடியாது."

மூன்று வீட்டுக்கும் மூன்று புள்ளி வைத்தார். முதல் இரண்டு புள்ளிக்கும் சரிபாதியில் குறுக்காக ஒரு கோடு. அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் இரண்டு வீடும் ஒரே தூரம். அடுத்த இரண்டுக்கும் அதே மாதிரி. இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட இடத்தில் ஊசியை ஊன்றி ஒரு சுற்று சுற்றினார். வட்டம் மூன்று புள்ளியிலும் அச்சுப் பிசகாமல் போய்ச் சேர்ந்தது.

"பாத்தியா? மூணு புள்ளி ஒரே நேர்க்கோட்டுல இல்லன்னா போதும். மூணு வழியாவும் ஒரு வட்டம் போயே தீரும். ஒண்ணே ஒண்ணுதான் போகும்."

"என் வீடு?" என்றேன்.

என் வீட்டுக்கும் ஒரு புள்ளி வைத்தார். பாரபட்சம் பார்க்கிறவர் இல்லையே! புள்ளி வட்டத்தின் மேல் விழவில்லை. உள்ளே, வெகு உள்ளே, ஊசி குத்திய இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. நாலு புள்ளியையும் கோட்டால் சேர்த்தார். பாகைமானியை நடு அண்ணன் வீட்டு மூலையில் வைத்துப் படித்தார், என் வீட்டு மூலையில் வைத்துப் படித்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"நாலு மூலைன்னா சும்மா வராதும்மா. எதிரெதிர் மூலை ரெண்டையும் கூட்டினா நூத்தியெண்பது வரணும். இங்க இருநூத்தி முப்பதைத் தாண்டுது. உன்னைச் சேத்தா வட்டம் வராது."

"வட்டம் வராட்டி என்ன அண்ணா? எனக்குத்தான் கிட்ட இருக்கு. நான் பாத்துக்கறேன்னுதானே சொல்றேன்."

"அப்ப நீ கிட்ட, நாங்க தூரம்னு ஆயிடும். மூணு பிள்ளைங்க இருக்கறப்ப பொண்ணு தலையில கட்டிட்டாங்கன்னு பேரு வரும். நியாயமும் இல்ல. நீ எதுக்கு இதுல வந்து மாட்டிக்கறே?"

சொல்லிக்கொண்டே ரப்பரை எடுத்து என் வீட்டை அழித்தார். அழுத்தி, இரண்டு மூன்று தடவை. பிறகு குனிந்து அந்தத் தூளை 'ப்பூ' என்று ஊதினார். அது என் மடியில் வந்து விழுந்தது. தட்டிவிட்டேன். கை அழுக்கானது போலவே இருந்தது. எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தேன். ஒரு பலகையின் நாலாவது பக்கத்தைத் தொடாமல் விட மனசு வராத ஆள் இவர்!

வந்து பார்த்தால் இன்னொரு வேடிக்கை. நடு, நடு என்றாரே, அந்த நடு மூன்று வீட்டுக்கும் நடுவில் இல்லை. மூன்றையும் சேர்த்தால் வருகிற முக்கோணத்துக்கு வெளியே, ஊர் ஓரத்தில், தன்னந்தனியாகக் கிடந்தது.

"இது நடுவா அண்ணா? எல்லாத்துக்கும் வெளியில இருக்கே."

"நம்ம ரோடு அப்படி. மூலை ரொம்ப விரிஞ்சிருந்தா மையம் வெளியிலதான் விழும். அதுக்கு நான் என்ன பண்ண? ஆனா மூணு பேருக்கும் ஒரே தூரம். வேணும்னா நீயே அளந்து பாரு."

அளந்தேன். ஒரே தூரம்தான். கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெரியவர் வீட்டுக்கும் நடு அண்ணன் வீட்டுக்கும் உள்ள தூரத்தைவிட, அப்பாவுக்கும் அவர்களுக்கும் இருந்த தூரம் அதிகம். பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில். அப்பா மட்டும் எல்லோருக்கும் எட்டாத கையில், சரிசமமாக.

"என்னப்பா சொல்றீங்க?" என்று அப்பாவைக் கேட்டேன்.

அப்பா ஜன்னலிலிருந்து திரும்பினார். "பெரியவன் யோசிச்சுத்தான் செய்வான். உங்களுக்குள்ள மனஸ்தாபம் இல்லாம இருந்தா சரி."

புள்ளி விழுந்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? கோழிக் கழிவுக் கிடங்கு. ஊரில் உள்ள கறிக்கடைகளிலிருந்து இறகும் குடலும் நீல டிரம்களில் வந்து இறங்கி, லாரியில் ஏறிப் போகிற இடம். அதற்கு மேல் மாடியில் ஒரு அறை. செங்குத்துப் படி, அதுவும் வெளிப்பக்கமாக. நான் முதல் தடவை போனபோது தெருமுனையிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அது வெறும் நாற்றம் இல்லை; கொழகொழவென்று தொண்டையில் இறங்குகிற ஒரு வஸ்து. டிரம்களின் அடியிலிருந்து மஞ்சளாக ஒரு நீர் கசிந்து, படிக்கட்டுக் காலடி வரை ஓடி, பிசுபிசுவென்று காய்ந்திருந்தது. ஈரமான இறகுகள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. பெரியண்ணன் நடுவில் நின்று மூன்று பக்கமும் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "ஏறக்குறைய கரெக்டா புள்ளி மேலயே அறை கிடைச்சிருக்கு பாரேன்!" அவருக்கு அந்த நாற்றம் உறைக்கவே இல்லை என்று சத்தியம் செய்வேன்.

முறை போட்டார்கள். மூவருக்கும் வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள். மற்ற நாட்களில் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வரும். பெரியண்ணன் தன் நாளில் மழையோ வெயிலோ தவற மாட்டார். வருவார், நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார், "எப்படி இருக்கீங்க?" என்பார், "இருக்கேன்" என்பார் அப்பா, அண்ணன் கடிகாரத்தைப் பார்த்து எழுந்துவிடுவார். தம்பிகள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று அடுத்த நாள் போனில் விசாரித்து, தன் நேரத்தையும் அதற்குச் சமமாக்கிக்கொள்வார். நடு அண்ணன் போனை நோண்டிவிட்டுப் போவான். சின்ன அண்ணன் மூக்கில் கைக்குட்டையோடு வாசலிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்புவான்.

நான் முறையில் இல்லாதவள். அதனால் கடையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் எட்டிப்பார்ப்பேன். அப்பா ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, உள்ளே சோப்பைக் கரைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். துவைத்த சட்டையை வெளியே காயப் போட முடியாது. போட்டால் அந்த வாடை ஏறிவிடும். அறைக்குள்ளேயே கொடி கட்டி, ஈரத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். என்ன துவைத்தாலும் போகவில்லை. ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "எம்மேல வாடை அடிக்குதாம்மா?" என்று கேட்டார். ஊர் அழுக்கையெல்லாம் துவைத்த மனிதர். "இல்லப்பா" என்றேன். அடித்தது.

வாரம் தவறாமல் கேட்பேன். "வீட்டுக்கு வந்துடுங்கப்பா." வாரம் தவறாமல் ஒரே பதில். "மூணு பேரும் ஒத்துமையாச் செஞ்ச ஏற்பாடு. நான் கெடுக்கக் கூடாது."

பெரியண்ணனிடமும் கேட்காமல் இல்லை. கம்பெனிக்கே போய், குடைத்துணிக் கட்டுகளுக்கு நடுவே நின்று கேட்டேன். "அந்த நாத்தத்துல மனுஷன் இருப்பாரா அண்ணா? நீங்க ஒரு ராத்திரி படுப்பீங்களா?" அவர் துணியில் கோடு போடுவதை நிறுத்தாமல், "நாத்தம் மூணு பேருக்கும் பொதுதானேம்மா. நாங்களும் போறப்ப மூச்சு விட்டுட்டுத்தானே வரோம்?" என்றார். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டாள். எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

மழைக் காலம் வந்தது. அன்றைக்கு யாருடைய முறையும் இல்லாத நாள், மெஸ்ஸுக்கும் விடுமுறை. சாயங்காலம் நான் போனபோது தூறிக்கொண்டிருந்தது. டிரம்களின் மஞ்சள் நீர் மழையோடு சேர்ந்து படியடி முழுக்கப் பரவியிருந்தது. அதில், சுவரில் சாய்ந்தபடி, அப்பா. ஒரு கால் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. வேட்டி, சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் அந்த நீர். கன்னத்தில் ஒரு இறகு ஒட்டியிருந்தது. ஈக்களை ஓட்டக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தார். கையில் செல்போனை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"சோப்பு தீந்துடுச்சு. வாங்கலாம்னு இறங்கினேன்" என்றார்.

எப்போது என்று கேட்டேன். காலையில். கிடங்கு லாரி டிரைவர் மதியம் பார்த்திருக்கிறான். தூக்கிச் சுவரோரம் உட்கார வைத்து, யாரையாவது கூப்பிடவா என்று கேட்டிருக்கிறான். "வேணாம்பா, நானே பசங்களைக் கூப்பிட்டுக்கறேன்" என்று இவர் சொல்ல, அவன் லாரியோடு போய்விட்டான். அந்த நேரத்திலிருந்து கையில் போனோடு இப்படியே இருந்திருக்கிறார்.

என் கணவரை வரவழைத்து, அவருடைய பார்சல் வண்டியில் பெட்டிகளை ஒதுக்கிவிட்டுப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவரைத் துடைக்க வந்த ஆயா முகத்தைச் சுளித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நானே வாங்கித் துடைத்தேன். மூன்று பாத்திரம் தண்ணீர் மாற்றியும் பஞ்சு மஞ்சளாகவே வந்தது. வெள்ளைப் போர்வையை அவர் மேல் போர்த்தியபோது அப்பா அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "சரியா அலசல" என்றார்.

மூன்று பேரும் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நடு அண்ணன் தன் முறை நேற்றே முடிந்துவிட்டது என்றான். சின்ன அண்ணன் தனக்கு நாளைக்குத்தான் என்றான். பெரியண்ணனுக்குத்தான் கோபம் வந்தது. யார்மேல் தெரியுமா? அப்பாமேல்.

"போன் எதுக்கு வாங்கிக் குடுத்தேன்? கையிலேயே வெச்சிருக்கீங்க, காலையிலிருந்து யாரையும் கூப்பிடல. நாங்க வரமாட்டோமா? என்னப்பா இது?"

அப்பா யோசித்தார். யார்மேலும் குறை இல்லாத குரலில், புரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"கிட்ட இருக்கறவனைக் கூப்பிடலாம்னுதான் நெனச்சேன். எல்லாருக்கும் ஒரே தூரம்னு நீதானேப்பா சொன்னே. அப்ப யாரைக் கூப்பிடறது? ஒருத்தனைக் கூப்பிட்டா அவனுக்கு மட்டும் அலைச்சல். பாத்துக்கிட்டே இருந்தேன். முடிவு பண்ண முடியல."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம் இல்லப்பா?" என்றேன்.

"நீ அதுல இல்லையேம்மா" என்றார் அப்பா.

சின்ன அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. நடு அண்ணன் போனைப் பைக்குள் போட்டான். நான் பெரியண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த மனிதர் உடைந்து அழுதுவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் கண் சுருங்கியது. கை சட்டைப் பைக்குப் போனது. உதடு எதையோ எண்ணியது.

"ஆமா. அதை யோசிக்காம விட்டுட்டேன்" என்றார் மெல்ல. "கூப்பிடறதுக்கும் ஒரு முறை போட்டுக் குடுத்திருக்கணும்."

த்தூ என்று துப்பியிருப்பேன். ஆஸ்பத்திரித் தரை, யாரோ கூட்டுகிறவள் துடைக்க வேண்டும் என்பதால் விழுங்கினேன்.

"நீ இனிமே எதுவும் போட வேணாம்" என்றேன். அவரை நான் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "அப்பா எங்க வீட்டுக்கு வராரு."

"அது எப்படிம்மா, சரிசமமா…"

"வழியை விடு அண்ணா."

விட்டார். அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது. பஸ்ஸிலும் அவர் அப்படித்தான் வழி விடுவார்.

அப்பாவை எங்கள் ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியண்ணன் இப்போதும் தன் நாளில் தவறாமல் வருகிறார். கம்பெனியிலிருந்து அப்பாவுக்கு ஒரு குடை கொண்டுவந்து கொடுத்தார், எட்டுக் கம்பி, நல்ல உழைப்பு. படுக்கையிலிருந்து எழ முடியாதவருக்குக் குடை. கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மஞ்சள் நீரின் நாற்றம் மூக்கில் ஏறுகிறது.

வீட்டுக்கு வந்த அன்று, தலையணையைச் சரிசெய்து, வெயிலில் காய்ந்த போர்வையைப் போர்த்தினேன். அப்பா அதை மூக்குவரை இழுத்து ஒரு நீளமான மூச்சு விட்டார். பிறகு கண்ணைத் திறந்து, பயந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"இங்க இருந்தா அவங்க மூணு பேருக்கும் தூரம் ஒண்ணா இருக்காதேம்மா?"

"இருக்காதுப்பா" என்றேன். "நீங்க காலைக் கொஞ்சம் நீட்டுங்க. வெந்நீர் வெச்சிருக்கேன், துடைச்சு விடறேன்."